முசுடின் தாய்

பழைய மெழுகைச் சுரண்டி எடுப்பதில் என் தம்பிக்கு ஒரு தனி இன்பம் உண்டு. அன்று காலையும் நிலவறை வாசலில் உட்கார்ந்து, தாங்கியில் ஒட்டிக் கிடந்ததைக் கட்டைவிரல் நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தான். சுத்தமானதும் புது மெழுகுவர்த்தி ஒன்றைச் செருகி, நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். "இவ்வளவு சிங்காரம் எதுக்கு, அதைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டேன். சிரித்தான்.

அவனைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி நம் திராட்சைக்காரர் சங்கத்தில் கேட்டீர்கள். தாயில்லாத அவனை வளர்த்தவள் நான், கடைசியாக அவனோடு இருந்தவளும் நான். அதனால் நான்தான் எழுத வேண்டும் என்றீர்கள். சரிதான். எழுதியதை அச்சிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

கடைகளில் பேர் சொல்லிக் கேட்கிற சிவப்பு ஒயின் திராட்சைகளை நாங்கள் தொட்டதில்லை. தோட்டத்து ஓரங்களில், வேலியோடு வேலியாக, பேர் மறந்து நிற்கிற கொடிகள்தான் எங்களுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தொட்டி ஒயின் போடுவோம். தம்பி இலையைப் பார்ப்பான். ஓரத்துப் பற்கள், அடிப்புறத்து ரோமம், தளிர் நுனியின் நிறம் எல்லாம் அவன் பொறுப்பு. நான் குடித்துப் பார்ப்பேன். யாருக்கு யார் தாய், எது எதனுடைய சித்தி மகள் என்று தனித்தனியாக முடிவுக்கு வந்து பிறகு ஒப்பிடுவோம். கேட்கிறவர்களுக்கு எங்கள் வீடு கல்யாணத் தரகர் வீடு மாதிரி இருக்கும்.

கோப்பையில் வெகுநேரம் வைத்த பிறகே வாய் திறக்கிறவளுக்கு ஊமைச்சி என்று பேர் வைத்தோம். பல்லைக் கறுப்பாக்குகிறவள் மைக்காரி. ஈறைப் பிடித்து இறுக்குகிற துவர்ப்புக்காரன் முசுடு. மைக்காரி ஊமைச்சியின் மகள் என்று நான் மூக்கை மட்டும் நம்பிச் சொன்னபோது சிரித்தீர்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் இலையைச் சோதித்தார்கள். அவர்களும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு கொடி எதன் பிள்ளை என்று தெரிந்தால், அது எந்த மண்ணைத் தாங்கும், எந்த நோய்க்கு விழும் என்று தெரியும். நான் கை காட்டிய கொடியின் குச்சியை வாங்கிப் போய்ச் சரிவு முழுக்க ஒட்டுக் கட்டினீர்கள்.

பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே புகையாக இருக்க, பக்கத்து அறையில் நான் தலை சீவிக்கொண்டிருந்தேன். புகை கண்ணில் பட்ட பிறகுதான் எழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்பார்கள். எனக்கு அந்தப் புளிப்புதான் மிஞ்சியது.

நாக்குக்குப் புளிப்பும் துவர்ப்பும் தெரியும். மீதியைத் தம்பியின் முகத்தில் படித்தேன். எப்போதும் அவன் முதலில் முகர்வான். பிடித்தால் நாசி விரியும், சந்தேகம் வந்தால் கீழுதடு மடியும். அதைப் பார்த்துப் பார்த்தே நான் பேசினேன். கூட்டங்களில் கை நடுங்கும். மறைக்கக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன். மணத்தை எழுப்பும் முறை என்று நினைத்து இளையவர்களும் அப்படியே பிடிக்க ஆரம்பித்தார்கள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது உண்மை. எனக்கு வழி முழுக்கப் பயம்தான் இருந்தது. யாராவது ஜன்னலைத் திறந்து "என்ன வாசனை இது" என்றால்கூட ஏதோ வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விடுவேன்.

முசுடு ஊமைச்சியின் பிள்ளை என்று அப்படித்தான் சொன்னேன். ஊமைச்சி ஈரத்தைத் தாங்குகிறவள். நம்பிப் பலர் முசுடைத் தாழ்ந்த ஈர நிலத்தில் நட்டுவிட்டார்கள். தம்பிக்கு மட்டும் இலை ஒத்துவரவில்லை. ஊமைச்சிக்கு இலையடியில் பஞ்சு மாதிரி ரோமம் இருக்கும், முசுடுக்கு மொட்டை. ஒருநாள் சமையலறை மேசையில் மூன்று கோப்பை வைத்தான். எதுவும் முகராமல், முகத்தையும் காட்டாமல், பாத்திரம் கழுவுகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டான். நான் மூன்றையும் குடித்து மூன்று உறவு சொன்னேன்.

"அக்கா, மூணும் ஒண்ணுதான். மூணுமே மைக்காரி."

சிரித்துக்கொண்டேதான் திரும்பினான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எப்போலேருந்துக்கா?"

சொன்னேன். அவன் ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டான். டாக்டரிடம் போகலாம் என்றான். அடுத்த கூட்டத்தில் நான் வாயே திறக்க வேண்டாம், தானே பக்குவமாகச் சொல்லிவிடுவதாகவும், அதற்கு மேல் யாரும் முசுடை ஈரத்தில் நட வேண்டாம் என்றும் சொன்னான். அவன் கோபப்பட்டிருந்தால் என் பயம் குறைந்திருக்கும். இவ்வளவு அன்போடு ஒருவன் ஒன்றைச் செய்யப் போகிறான் என்றால் அவனைத் தடுக்கவே முடியாது.

அந்தக் கூட்டம் நடக்க இருந்த நாளின் காலையைத்தான் முதலில் சொன்னேன். அறுவடைக் காலம். நிலவறையில் எல்லாத் தொட்டியும் நொதித்து, நுரைத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படிக் கொதிக்கும்போது வரும் வாயுவுக்கு நிறமில்லை, கனம் உண்டு. தரையோடு தரையாகத் தண்ணீர் மாதிரி தேங்கும். அதனால் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, முழங்காலுக்குக் கீழே பிடித்தபடிதான் இறங்குவோம். சுடர் அணைந்தால் அங்கே மூச்சுக்குக் காற்றில்லை, திரும்பிவிட வேண்டும். முந்தின நாள் கதவையும் காற்றுத் துளைகளையும் அடைத்தவள் நான். குளிர் இறங்கினால் நொதிப்பு நின்றுவிடும். யாராக இருந்தாலும் அடைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இன்னொரு விதியும் உண்டு. சுவை பார்க்கிற நாளில் வாசனை சோப்பு கிடையாது, பூ கிடையாது. அவன் சின்னப் பையனாக இருந்தபோதே நான் பழக்கியது. மூக்கைக் கெடுக்கிற எதையும் அவன் என் பக்கத்தில் கொண்டுவர மாட்டான்.

அவன் தீப்பெட்டியை எடுத்தான். நான் சொன்னேன்.

"பத்த வைக்காதடா. மெழுகு வாடை இப்பவே மூக்குல ஏறுது."

தீப்பெட்டி கையிலேயே நின்றது. "என்னக்கா சொன்ன? வாடை தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"நெசமாவா?"

"காலைலேருந்து. லேசா."

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காணாமல் போய்க் கிடைத்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தான். "அப்போ இரு, முசுடைக் கொண்டாரேன். அவன் அம்மா யாருன்னு நீயே சொல்லு. நான் எதுக்குக் கூட்டத்துல வாயைத் திறக்கணும்" என்றான். தாங்கியை வாசல் மாடத்தில் வைத்துவிட்டு, கோப்பையோடு இரண்டிரண்டு படியாக இறங்கினான்.

மின்விளக்கு வெளிச்சத்தில் மேல்படியிலிருந்து எல்லாம் தெரிந்தது. முசுடுத் தொட்டிக்குக் குழாய் தரையை ஒட்டி இருக்கும். மண்டியிட்டுக் குனிந்தான். குழாயைத் திறந்தான். பிறகு தொட்டியில் நெற்றியைச் சாய்த்தான், உள்ளே யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி. அப்படியே சரிந்து உட்கார்ந்தான், பிறகு படுத்தான். ஒயின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கீழே ஒருவர் விழுந்தால் பின்னால் இறங்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை நான் பிசகாமல் கடைப்பிடித்தேன். என் நிதானத்தால் இன்னொரு உயிர் போகாமல் தப்பியது என்று நீங்களே பாராட்டினீர்கள். விசாரணையில், பயத்தில் குரல் வரவில்லை என்றேன். பயம் உண்மை. குரல் வருமா என்று நான் முயன்று பார்க்கவில்லை. குழாயில் சத்தம் குறைந்து, சொட்டி, நின்றது. அதன் பிறகு அவன் மனைவியைக் கூப்பிட்டேன். குரல் நன்றாகவே வந்தது.

"மெழுகுவத்தி இல்லாம இறங்கவே மாட்டாரே அண்ணி" என்று அவள் இன்னும் கேட்கிறாள். ஏதோ அவசரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்யில்லை.

அன்றைய கூட்டம் துக்கத்தால் நின்றது. முசுடைப் பற்றி நான் சொன்னதை இதுவரை யாரும் மறுக்கவில்லை. பயம் அவனோடு போய்விடும் என்று கணக்குப் போட்டேன். போகவில்லை. இப்போது என் முன்னால் கோப்பை வைத்தால், பார்த்துப் படிக்க எனக்கு ஒரு முகம் இல்லை. அடுத்த பெருமழைக்கு ஈர நிலத்துக் கொடிகள் என்ன சொல்லுமோ என்று வானத்தைப் பார்க்கிறேன்.

நான் அவனைத் தள்ளவில்லை. சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் அவனைச் சந்தோஷப்படுத்திய பொய். சிரித்த முகத்தோடுதான் இறங்கினான். வளர்த்தவளுக்கு அந்த ஆறுதல் போதும்.

மெழுகுவர்த்தியை யாரும் எடுக்கவில்லை. அவன் வைத்தபடி மாடத்தில் நேராக நிற்கிறது, திரி வெள்ளை மாறாமல். நேற்று அதை மூக்கோடு வைத்து முகர்ந்து பார்த்தேன். அன்றைக்குப் போலவே ஒரு வாடையும் இல்லை.