குறுந்தகட்டில் பார்த்த இரத்தம்

என் பெயர் பிரேமளா, தகப்பனார் பெயர் கதிரேசு. வயது நாற்பத்து நான்கு. திருமணம் ஆகவில்லை. சிம்பாங் ரெங்கம், தாமான் செரோஜா, ஜாலான் நான்கில் பதினேழாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். குளுவாங்கில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பதினாறு ஆண்டுகளாகத் தொழில்நுட்ப உதவியாளராக வேலை செய்கிறேன். நான் மருத்துவர் அல்ல. காலமான ருக்னுதீனைப் பற்றி அவருடைய அண்ணன் அப்துல் பாசித் கொடுத்த புகாரில் என் பெயர் இல்லை, என்னை யாரும் விசாரணைக்கு அழைக்கவும் இல்லை. நானாகவே 2024 பிப்ரவரி 13 காலை பத்து மணிக்கு போலீஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். நான் தமிழில் சொல்வதை இன்ஸ்பெக்டர் அர்ச்சுனன் எழுதிக்கொள்கிறார்.

ருக்னுதீனை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். முன்பு அவர் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாட்டு, படக் குறுந்தகடுகள் விற்றார். அந்த வியாபாரம் படுத்த பிறகு அதே இடத்தில் சாப்பாட்டுக் கடை வைத்தார், அவர் மனைவி சுலைஹா அடுக்களையைப் பார்த்துக்கொண்டார். வேலை முடிந்து வரும்போது நான் பெரும்பாலும் அங்கேதான் சாப்பிடுவேன்.

எங்கள் கூடத்தில் மூன்று வருடமாக ஒரு ஆய்வு நடக்கிறது. பொறுப்பாளர் ஜெயசங்கர். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சலைச் சாதாரணக் குறுந்தகட்டையும் கணினியில் அதைப் படிக்கும் டிரைவையும் வைத்துக் கண்டுபிடிப்பதுதான் அந்த ஆய்வு. தகட்டின் மேல் அந்தக் கிருமியின் புரதத்தைச் சிறு புள்ளிகளாக ஒட்டி வைப்போம். நோயாளியின் உடம்பு கிருமியை எதிர்க்கத் தொடங்கியிருந்தால் அவர் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு வெள்ளிக் கரைசல் விட்டால் புள்ளிகள் கறுக்கும், கறுத்த இடத்தில் லேசர் படிக்க முடியாமல் தடுமாறும், எத்தனை இடத்தில் தடுமாறியது என்று கணினி எண்ணிச் சொல்லும். பெரிய இயந்திரம் வாங்க முடியாத தோட்டத்து மருந்தகத்தில்கூடப் பழைய கணினி ஒன்று இருந்தால் போதும் என்பது எங்கள் எண்ணம். இதற்கு வெற்றுத் தகடுகள் கடையில் கிடைக்காமல் போனபோது ருக்னுதீன் பழைய கடையில் மிஞ்சியிருந்த ஆறு பெட்டிகளை வேனில் கொண்டுவந்து இறக்கினார். காசு வாங்கவில்லை. பார்க்கும்போதெல்லாம், "டாக்டரம்மா, நம்ம சிடி ஓடுதா?" என்று கேட்பார். நான் டாக்டர் இல்லை என்று முதலில் சில தடவை சொன்னேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

மருத்துவமனையில் ஏற்கெனவே முடிவு தெரிந்த பழைய இரத்த மாதிரிகளை வைத்துச் சோதிக்க மட்டுமே எங்களுக்கு அனுமதி இருந்தது. நேரில் வருகிறவர்களுக்குப் பார்க்கக் கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

சனவரி 11ஆம் தேதி பெய்த மழையில் கடையின் பின்பக்கச் சாக்கடை நிரம்பி, சாமான் அறையில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. ருக்னுதீன் வெறுங்காலோடு இறங்கி இரண்டு நாள் அள்ளிக் கொட்டினார். அதன் பிறகு 21ஆம் தேதி அவருக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் திங்கட்கிழமை குளுவாங் சந்தைக்கு வந்தவர், காலை பதினொரு மணிக்கு மீன் பையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கெண்டைக்கால் வலி தாங்கவில்லை என்றார். கிளினிக்கில் காத்திருக்க நேரமில்லை என்றும் நம்ம சிடியிலேயே பார்த்துவிடுங்கள் என்றும் கேட்டார். ஜெயசங்கர் அன்று விடுப்பு. நான் ஒரு முறை முடியாது என்றேன், இரண்டாம் முறை சொல்லவில்லை. அவர் கொடுத்த தகட்டில் அவருக்கே பார்க்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விரலில் குத்தி இரத்தம் எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் மீன் பையை எங்கள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிரைவுக்குள் தகடு சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோதனை சரியாக நடந்ததா என்று காட்டும் புள்ளி கறுத்திருந்தது. நோயைக் காட்டும் புள்ளிகள் ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

"என்னா சொல்லுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல, பாய்" என்றேன்.

"அலமாக், நான் பயந்தே போய்ட்டேன்" என்று சொல்லி, அங்கேயே சுலைஹாவுக்குப் போன் போட்டார்.

காய்ச்சல் வந்த முதல் நாலைந்து நாட்களில் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரியாது. அந்த நாட்களில் புள்ளி கறுக்காவிட்டால் நோய் இல்லை என்று பொருள் ஆகாது. இதைப் பயிற்சிக்கு வருகிற மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ருக்னுதீனிடமும் சொன்னேன். ஆனால் அவர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, குழாயடியில் கை கழுவிக்கொண்டே, "அஞ்சாறு நாள் கழிச்சு இன்னொரு தடவ பாக்கணும் பாய்" என்று சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. கிளினிக்குக்குப் போங்கள் என்று சொல்லவே இல்லை.

அதன் பிறகு 25ஆம் தேதி தைப்பூசம், அடுத்து வெள்ளி, சனி வார விடுமுறை. கூடம் மூன்று நாள் பூட்டியிருந்தது. நான் மெர்சிங்கில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறு காலை கூடத்தைத் திறந்ததும் அவருக்குப் போன் செய்தேன். சுலைஹா எடுத்தார். வெள்ளிக்கிழமை கண் மஞ்சளாகி, மூச்சு வாங்கி, மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். நான் உடனே போனேன். எலிக் காய்ச்சல் என்று கண்டுபிடித்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டிருந்தன. சுலைஹா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புதங்கிழமையே கிளினிக் போலாம்னு கெஞ்சினேன் அக்கா. டாக்டரம்மா பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாரு. நீங்க ஒருத்தராவது அவருக்குப் பாத்தீங்க" என்றார். சனவரி 30ஆம் தேதி பிற்பகல் ருக்னுதீன் இறந்துவிட்டார்.

மறுநாள் ஜெயசங்கரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பதிவேட்டுல அவர் பேரே இல்ல பிரேமளா. அந்தத் தகட்டத் தூக்கிப் போட்டா முடிஞ்சது. நம்மளா ஏன் போய்ச் சொல்லணும்?" என்றார். நான் தகட்டைப் போடவில்லை. ஆனால் பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11ஆம் தேதி கடைப் பக்கம் போனபோது கதவு சாத்தியிருந்தது. பக்கத்துக் கடையில் விசாரித்தேன். சுலைஹா வியாபாரம் கெடும் என்று புருஷனை ஆறு நாள் வீட்டில் போட்டு வைத்துக் கொன்றுவிட்டார் என்று அப்துல் பாசித் புகார் கொடுத்திருப்பதாகவும், சொந்தக்காரர்கள் யாரும் அவரோடு பேசுவதில்லை என்றும் சொன்னார்கள்.

நேற்று மாலை சுலைஹாவின் வீட்டுக்குப் போனேன். உட்காராமல் நின்றபடியே, நான் டாக்டர் இல்லை என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு அவர், "திங்கக்கெழமையே டாக்டர்ட்ட போயிருந்தா?" என்று கேட்டார். "பொழைச்சிருக்கலாம்" என்றேன். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் புறப்படும்போது, "இத பாசித் மச்சான் முன்னாடி சொல்லுவீங்களா?" என்றார். சொல்வேன் என்றேன். வாசல்வரை அவர் வரவில்லை.

சனவரி 22 என்று மையால் எழுதிய அந்தத் தகட்டை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தை அப்துல் பாசித்துக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை இன்ஸ்பெக்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் 'சோதனைக் கருவி தவறான முடிவைக் காட்டியது' என்று இருந்தது. கருவி அன்று இரத்தத்தில் இருந்ததைத்தான் காட்டியது. அந்த வரியை அடித்துவிட்டு, 'நான் தவறாகச் சொன்னேன்' என்று மாற்றச் சொல்லி, ஓரத்தில் கையெழுத்திட்டேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மையே. என்னை யாரும் மிரட்டவோ தூண்டவோ இல்லை.

(ஒப்பம்) க. பிரேமளா