கிளென்ஃபர்டின் இரண்டாவது தட்டு

இறந்தவர்களின் பாட்டைப் போடும்போது நான் தொப்பியைக் கழற்றிவிடுவேன், இன்ஸ்பெக்டர். வால்தம் பார்க் சாலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். செத்துப்போன எத்தனையோ ரெகே பாடகர்களுக்கு, தெருவில் பாட்டுப் போடும் என் சவுண்ட் செட்தான் அஞ்சலி செய்தது. பெற்ற பிள்ளைகள் மறந்த பிறகும் நான் மறக்கவில்லை.

எங்கள் தொழிலில் இரண்டு செட்டுகள் எதிரெதிரே நின்று இசைத்தட்டுக்கு இசைத்தட்டு மோதும். பாடகரை அழைத்து, அவருடைய பாட்டிலேயே செட்டுக்காரன் பெயரையும் சேர்த்துப் பாடவைத்து, ஒரே ஒரு தட்டு வெட்டிக்கொள்வோம். பாடியவர் உயிரோடிருந்தால் எதிராளியும் அதே பாட்டை அவரிடம் வாங்கிவிடுவான். இறந்துவிட்டால் முடியாது. அப்படிப்பட்ட தட்டைப் போட்டால் கூட்டம் லைட்டரை உயர்த்திப் பிடித்து அழும். நானும் அழுவேன். அது பொய் அழுகை இல்லை.

கிளென்ஃபர்ட் ப்யூசியின் குரலைக் கேட்டுத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். இழுப்பு நோய் வந்து, ரேடியோக்காரர்கள் அவரைக் கைவிட்டபோது மீன் சூப் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுப் பதிவு அறையில் எனக்காகப் பாடினார். என் பெயரை அவ்வளவு இழைத்துப் பாடினார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கிலேயே சொன்னார்.

"டேய் ராய்ஸ்டன், திங்கக்கெழம ஓரலுக்கும் இதப் பாடணும்டா. வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"அந்த எதிர் செட்டுக்காரனுக்கா? துருப்புடிச்ச தொண்டன்னு மேடையில உங்கள நக்கல் பண்ணவனாச்சே, அண்ணே."

"பண்ணிட்டுப் போறான். துருப்புடிச்ச தொண்டைக்கும் சோறு எறங்கணும்ல?" சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. "சட்டப்பையில இன்ஹேலர் இருக்கு பாரு, எடுத்துக் குடு."

சட்டை என் நாற்காலியில் தொங்கியது. இன்ஹேலரை எடுத்தேன். கையிலேயே வைத்துக்கொண்டேன். பிறகு எழுந்துபோய் அவர் இருந்த அறையின் கதவை வெளியிலிருந்து தாழிட்டேன்.

எனக்குக் கோபம் இல்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தக் குரல் கண்டவனுக்கும் சொந்தமாகிவிடுமே என்று துக்கமாக இருந்தது, அவ்வளவுதான். கண்ணாடியைத் தட்டினார். ஒலி வெளியே போகாத அறை அது. எனக்கு மட்டும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

அவருடைய ஒன்பதாம் நாள் சடங்கில் அவர் பாடிய தட்டைத்தான் போட்டேன். தெருவே அழுதது. ஓரல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஒன்ன மாதிரி ஒரு ஆளு எந்தப் பாடகனுக்குடா கெடைப்பான்" என்றான்.

உங்கள் மேசையில் இருப்பது இன்னொரு தட்டு. அன்று நான் மைக்கையும் பதிவையும் அணைக்கவில்லை. அதில் பாட்டு இல்லை, அவர் மூச்சுக்குத் தவிப்பதுதான் இருக்கிறது. அவரைச் சாகவிட்டவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தட்டைக் கடைசிவரை கேட்டுவிட்டு எழுதுங்கள். ஓரலை அவர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. மூச்சு நிற்கும்வரை என் பெயரைத்தான் சொல்கிறார்.