கடல் கடந்து வந்த லொறி

“என்ர லொறி ரோட்டில ஓடினதைவிடக் கடலில போனதுதான் கூட, அண்ணை.”

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் மோட்டார் வள்ளத்தில், எனக்கு முன்னால் இருந்தவர் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவருடைய புது லொறி, சேர்த்துக் கட்டிய இரண்டு வத்தைப் படகுகளின் மேல் ஏறி எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த வயதானவர் கேட்டார்: “லொறி வித்த கொம்பனிக்காரர் என்னவாம்?”

“அங்க கொண்டுபோனா ஒரு கோளாறும் இல்லையாம். யாழ்ப்பாணம் முழுக்க ஓடிக் காட்டுறாங்கள். எங்கட துறையில இறக்கினாத்தான் மூச்சில்லை.”

“இஞ்ச வந்து பாக்க மாட்டினமோ?”

“போனமுறை ஒருத்தர் வெளிக்கிட்டவர். கடலைக் கண்டிட்டு, லொறியை அங்க கொண்டுவரச் சொல்லிப்போட்டுத் திரும்பிட்டார்.”

“லொறி வந்த கையோட மாட்டுச் சோடியை எனக்கு வித்துப்போட்டீர். அவசரப்பட்டிட்டீர்.”

“இனி மாடு என்னத்துக்கு எண்டு நினைச்சிட்டன். ஆனா இந்தமுறை பயமில்லை, அண்ணை. என்னென்னவோ சாமான் எல்லாம் மாத்தி, கொம்பனிப் பெரியவரே கைகுடுத்து அனுப்பினவர்.”

“நல்லது.”

துறை கிட்டியது. கரையில் ஒரு மாட்டுச் சோடி நுகத்தடியோடு நின்றது.

“என்ன அண்ணை, உங்கட மாடெல்லோ நிக்குது?”

“நான்தான் கொண்டுவந்து நிப்பாட்டச் சொன்னனான். போனமுறையும் உம்மட லொறியை வீட்டடிக்கு இழுத்தது அதுகள்தானே.”

லொறிக்காரர் பின்னால் திரும்பி லொறியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“வடக்கயிறும் கொண்டுவரச் சொன்னனீங்களோ?”