பிரேக் வேலை பார்ப்பதில்லை

– வாசல்ல பலகை மாட்டியிருக்கேனே, அண்ணே, உன் கண்ணுல படலையா?

– பட்டுச்சு. ‘பிரேக் வேலை பார்ப்பதில்லை.’ கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. அட, நான் என்ன அடுத்த தெருக்காரனா, குள்ளி?

– யாரா இருந்தாலும் அதே பலகைதான். நீன்னா ரெண்டு பலகை.

– போர்வையைப் பிரிச்சாவது பாரேன். நீ அலைஞ்சு பொறுக்கிக் கொடுத்த ரேஸ் சைக்கிள். நம்ம ரெண்டு பேரையும்விட மூத்தது.

– பிரிக்காதே. அதை நான் பாக்கறதா இல்லை.

– பதினாலு மாசமா சுவத்துல தொங்குது. எனக்கு ஓட்டணும்போல இருக்கு.

– எதுக்கு? இன்னொரு முழங்கையையும் உடைச்சுக்கவா? கையை நீட்ட முடியாம, அண்ணி உனக்குச் சட்டை மாட்டி விடறாங்க. யாரால? நான் முன் பிரேக்கை மாட்டிக் கொடுத்து எட்டாம் நாள், இறக்கத்துல ரப்பர் கட்டை தெறிச்சு ஓடிச்சே, யாரு பார்த்த வேலை அது?

– உங்க அண்ணி உன்னை ஒரு வார்த்தை சொன்னாளா? நான் சொன்னேனா?

– சொல்லியிருந்தாத் தேவலையே! போன வாரம் ஒரு ஸ்கூல் பொண்ணு, பிரேக் பிடிக்கலைக்கான்னு வந்து நின்னுச்சு. ஸ்பேனரை எடுத்தேன், எடுத்த இடத்துலயே வச்சுட்டேன். வேற கடைக்குப் போம்மான்னு அனுப்பிட்டேன். அவமானமா இருந்துச்சு அண்ணே.

– சரி, நீ தொடவே வேண்டாம். நான் பண்றேன். நீ வாயால சொல்லு போதும்.

– நீயா? பல்பு மாத்தவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடற ஆளு நீ.

– அட, கிண்டல் பண்ணிக்கிட்டே சொல்லேன்.

– நான் இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு வீல் பெண்ட் எடுத்துக்கிட்டிருப்பேன். திரும்ப மாட்டேன்.

– திரும்பாதே. முன் பிரேக்கை அழுத்தினா அப்படியே ஒட்டிக்குது. திரும்பி வர மாட்டேங்குது.

– உள்ளே ஒயர் துருப்பிடிச்சிருக்கும். ஒயர் நுழையற இடத்துல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து தடவை அழுத்தி விடு.

– எட்டு... ஒன்பது... அட, வருது குள்ளி, வருது!

– அலட்டாதே. எண்ணெய்க் கையை ரிம்ல வச்சிடாதே, பிரேக் வழுக்கும். ரப்பர் கட்டை எப்படி இருக்கு?

– ஒரு பக்கம்தான் இருக்கு. இன்னொரு பக்கம் இரும்புக் கூடு காலியா நிக்குது.

– புதுசு நீல டப்பாவுல இருக்கு. கூட்டுக்கு ஒரு முனை திறந்திருக்கும், அது வழியா கட்டையைத் தள்ளு. மூடின முனை முன்பக்கம் பாத்து இருக்கும். பிரேக் போட்டா சக்கரம் கட்டையை முன்னாடி இழுக்கும்ல, அதனால அந்தப் பக்கம் அடைப்பு வேணும். இல்லைன்னா கட்டை உருவிக்கிட்டுப் போயிடும்.

– இரு, இரு.

– என்ன, விரலை நசுக்கிக்கிட்டியா?

– இல்லை. எந்த முனை முன்னாடின்னு சொன்னே?

– மூடின முனை.

– எப்பவுமேவா?

– தூக்கத்துல எழுப்பி மாட்டச் சொன்னாலும் என் கை அப்படித்தான் மாட்டும். ஏன்?

– கொஞ்சம் திரும்பு.

– மாட்டேன்னு சொன்னேன்ல.

– திரும்பும்மா. இங்கே திறந்த முனைதான் முன்னாடி இருக்கு. ரெண்டு பக்கமும்.

– நகரு, பாக்கறேன்... இது நான் மாட்டினதே இல்லை! இடதும் வலதும் மாறிக் கிடக்கு. யாரு கழட்டினது?

– கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. இதுக்குப் போய் உன்னைத் தொந்தரவு பண்ணுவானேன்னு, விழறதுக்கு முந்தின நாள் நான்தான் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன்.

– பதினாலு மாசம், அண்ணே.

– சத்தியமா அது ஒரு விஷயம்னே தோணலை. இப்பத்தான்... திட்டு, குள்ளி. ஆசை தீரத் திட்டு.

– திட்டத்தான் போறேன். முதல்ல வாசலுக்குப் போய் அந்தப் பலகையைக் கழட்டிக் கொண்டா.