நாற்பதைத் தாண்டாத வண்டி

எஞ்சினுக்கு இவ்வளவு செலவு செய்துவிட்டு வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உட்காருங்கள், சொல்கிறேன்.

என் அண்ணனைவிட வயதான கார் இது. "இது எனக்கே அண்ணன்டா" என்று சொல்லிக்கொண்டுதான் ஏறுவார். எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டன் முதல் பேரிங் வரை எல்லாமே தேய்ந்துபோயிருந்தன. கடையில் கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். என் சேமிப்பு கரைந்தது. மீதியை அண்ணன் கொடுத்தார், அண்ணிக்குத் தெரியாமல். தெரிந்தபோது அண்ணி கோபப்படவில்லை. "யானையைக் கட்டித் தீனி போடுறீங்க தம்பி. ஒரு நாளாவது அவசரத்துக்கு உதவுமா?" என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

வண்டியை ஒப்படைக்கும்போது மெக்கானிக் சொன்னார்: "உள்ள எல்லாம் புதுசு சார். ஒண்ணோட ஒண்ணு பழகணும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் நாப்பதைத் தாண்டாதீங்க."

நான் தாண்டவில்லை. ஸ்கூட்டர்காரர்கள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். அண்ணனுக்கு அந்த நாற்பது மனப்பாடமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தன் காரை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தினமும் ஓடுகிற, நம்பிப் போகக்கூடிய கார். நான்தான், "நம்ம வண்டி இருக்கே" என்று சொல்லி அண்ணனை இதோ இந்த முன் இருக்கையில் உட்கார வைத்தேன். அண்ணி பின்னால் ஏறினார். அவர் கேட்ட அந்த ஒரு நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருந்தது. சாலை காலியாகக் கிடந்தது. நான் நாற்பதில் போனேன்.

பாதி வழியில் அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "கொஞ்சம் மிதிடா" என்றார்.

"வந்துட்டோம்ணே" என்றேன்.

அவர் வேகமுள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு விட்டுக்கொடுத்துப் பழகியவர்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். நான் வெளியே வந்தேன். அழப் போகிறேன் என்று அண்ணி நினைத்திருப்பார். நான் பானட்டைத் திறந்து, எஞ்சின் அதிகமாகச் சூடேறியிருக்கிறதா என்று பார்த்தேன். ஏறவில்லை. அப்பாடா என்றிருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம் அண்ணி சொன்னார்: "அந்தப் பதட்டத்துலயும் தம்பி அவரை அலுங்காம குலுங்காம கூட்டிட்டுப் போனாரு." பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டார். "உங்க பக்கம் சாஞ்சு என்னமோ சொன்னாரே, என்ன தம்பி அது?"

"நல்லா ஓட்டுறேன்னு சொன்னாரு அண்ணி."

அண்ணி என் தலையைத் தடவிக்கொடுத்தார். அண்ணன் கடைசியாக நிம்மதியாகப் போன வண்டி, விற்கவே கூடாது என்கிறார். அந்தப் பேச்சைக் கேட்க முடியாமல்தான் விற்கிறேன்.

வேகமாகப் போயிருந்தால் எஞ்சின் இறுகி நடுவழியில் நின்றிருக்கும் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் அதையே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வண்டியை ஒப்படைத்த அன்றைக்கு மெக்கானிக் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "அவசரம்னா மிதிங்க சார், போகும். என்ன, திரும்பப் பிரிச்சு ரிங் மாத்துற செலவு வரலாம்."

அண்ணன் மிதிடா என்றபோது, நான் அந்தச் செலவைத்தான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.