கடைசி வரி இல்லாத ஒலிப்பதிவு

டண்டினொங் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும்.

"என்ர செத்தவீட்டில திருப்பொற்சுண்ணம் பாடி முடிய, அந்த ப்ளூஸ் பாட்டைப் போடுங்கோ அக்கா," என்றார் தம்பி.

"எதை? அதை எத்தினை பேர் பாடி வைச்சிருக்கினம்."

"முதல் ஒலிப்பதிவை. ஒரு ஆள், ஒரு கிட்டார்."

"அந்தக் கரகரப்பையோ? சனம் ஸ்பீக்கர் பழுதெண்டு நினைக்கும். பிறகு பாண்ட் வைச்சுப் பாடினது நல்லாத்தானே இருக்கு?"

"அதைக் கேட்டால் சனம் ஆடும். முதல் ஆள் கடைசி வரியைப் பாதியில விட்டிட்டார். மிச்சத்தைக் கிட்டார்தான் சொல்லும். பிறகு வந்தவை எல்லாரும் அந்த வரியை முழுசாப் பாடிப்போட்டினம்."

"அவர் ஏன் விட்டவர்?"

"இசைத்தட்டில இடம் முடிஞ்சுதெண்டு சிலர் சொல்லுகினம். அழுதிட்டார் எண்டு சிலர்."

ரயில் ஸ்பிரிங்வேல் நிலையத்தைத் தாண்டியது.

"நான் பாண்ட் பாட்டைத்தான் போடுவன்," என்றார் அக்கா.

"ஏனக்கா?"

"காலமை டொக்டரிட்டப் போயிட்டு வந்தனி. என்ன சொன்னவர் எண்டு கேட்டால் பாதியில நிப்பாட்டுறாய். பாட்டாவது முழுசா முடியட்டும்."