டயருக்கு வைக்கும் கல்

பதுளை ஆஸ்பத்திரி வாங்கில் என் பக்கத்தில் வெலிமடை லொறி டிரைவர் ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை நோயால் அவருடைய கால் பெருவிரல் கருத்திருந்தது. அதை வெட்டச் சம்மதிக்கும் படிவம் மனைவியின் மடியில் கிடந்தது.

"அல்லாஹ் நாடினா தானா சுகமாகும். நான் என்னத்துக்குக் கையெழுத்து வைக்கிற?" என்றார் அவர்.

விதிப்படி நோயாளிதான் ஒப்பமிட வேண்டும். மேலே இருப்பவனுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் ஒதுக்கப்படவில்லை.

"ஹல்துமுல்லை எறக்கத்துல லொறிய நிப்பாட்டினா டயருக்குக் கல்லு வைக்கிறீங்கதானே? அது அல்லாஹ்வ நம்பாமயா?" என்றாள் மனைவி.

"அல்லாஹ்ட பேரால பிஸ்மி சொல்லித்தான் வைக்கிற."

"அப்ப இதுலயும் பிஸ்மி சொல்லி வைங்க. இன்னும் ரெண்டு நாள் போனா முழங்கால் வரைக்கும் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

அவர் மனைவியின் மடியிலிருந்து படிவத்தை எடுத்தார். பிறகு பிஸ்மி சொல்லிக் கையெழுத்திட்டார்.

"கல்லு வெச்சாச்சு. இனி அவன்ட கையில. கொண்டு போய்க் குடுங்க" என்று மனைவியிடம் நீட்டினார்.

அவ்வளவு நேரம் வாதாடியவள் எழுந்தாள், நின்றாள், முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு ஏலாதுங்க."

அவர் படிவத்தை வாங்கிக்கொண்டு, நொண்டியபடியே தாதியின் மேசைக்கு நடந்தார்.